இரண்டாம் வீட்டுக்கு மூன்று கேன்

ஒரு கேன் கேட்ட வீட்டுக்கு மூன்று கேன் எப்படி வரும்? வரக்கூடாது. வந்திருக்கிறது. காலையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போது என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். முதல் வீட்டுக்கு இரண்டு கேன் தண்ணீர், சரி. இரண்டாம் வீட்டுக்கு ஒன்று என்று அடித்தால் திரை மூன்று என்று காட்டுகிறது, கொஞ்சமும் கூச்சமில்லாமல். திரும்ப ஓட்டிப் பார்க்க நேரமில்லை. கம்பெனி பஸ் கேம்ப் ரோட்டில் யாருக்காகவும் நிற்காது. லேப்டாப்பை மூடி, ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் செருப்பு வாரை இழுத்து விட்டபடி ஓடி வந்து ஏறிவிட்டேன். ஜன்னல் சீட். மடியில் லேப்டாப். திறந்து பார்க்க வேண்டியதுதானே என்றால், அது முடியாது. ஓடுகிற பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் ராஜகீழ்ப்பாக்கம் வருவதற்குள் எனக்குக் குமட்டும், ஒருமுறை முன் சீட்காரரின் தோளிலேயே வாந்தி எடுத்திருக்கிறேன், அவர் அதற்கப்புறம் ரயிலுக்கு மாறிவிட்டார். ஆகவே மண்டைக்குள்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டு செண்பகவல்லி, ஓட்டு. நாற்பத்தாறு வயது மண்டை, பாதி வாழ்நாள் கோபால் என்கிற பழைய கணினி மொழியில் வங்கிக்காரனுக்கு வட்டிக் கணக்குப் போட்டே பழுத்த மண்டை, இப்போது பைத்தான் என்கிற புது மொழியில் அபார்ட்மென்ட்டுக்குத் தண்ணீர் கேன் எண்ணுகிறது. கை விரலில் இன்னும் பெருங்காய வாசனை. பத்தரைக்கு ஜெர்லின் இதைத் திறந்து பார்ப்பாள். நேற்று சாயங்காலமே அனுப்பிவிட்டேன், 'நீங்களே எழுதினது எதாவது இருந்தா அனுப்புங்கக்கா, நாளைக்கு அதை வச்சே பேசுவோம்' என்றாள், அனுப்பு என்ற பொத்தானை அழுத்திவிட்டு நான் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றியே வந்தேன், யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரே ஒரு வீட்டை வைத்துச் சோதித்துவிட்டு அபார்ட்மென்ட் முழுக்கத் தண்ணீர் ஊற்றிவிட்ட மாதிரி துள்ளியிருக்கிறேன். எவளாவது ஒரு வீட்டோடு சோதனையை நிறுத்துவாளா? நான் நிறுத்தினேன். சந்தோஷத்தில் நிறுத்திவிட்டேன்.

ஜெர்லினிடம் ஓர் இடம்தான் இருக்கிறது. அவள் புது டீமின் லீடு, மார்த்தாண்டத்துப் பெண், என்னைவிடப் பதினேழு வயது சின்னவள், 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் வேலை என்று வந்தால் அக்காவும் கிடையாது தங்கச்சியும் கிடையாது. அவள் சரி என்றால் அவள் டீம் இருக்கும் மூன்றாம் மாடி. இல்லை என்றால் மறுபடியும் பெஞ்ச். பெஞ்ச் என்று ஒரு பெஞ்சும் அங்கே கிடையாது, வேலை இல்லாதவர்கள் வந்து கார்டு தேய்த்துவிட்டு உட்காரும் இடம், நல்ல நாற்காலி, நல்ல ஏசி, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், கேட்காமல் இருப்பதுதான் கொடுமை. பிறகு ஒருநாள் கூப்பிடுவார்கள். மரியாதையாக, காபி கொடுத்து. எங்கள் பழைய டீமில் அப்படிக் காபி குடித்துவிட்டு வந்தவர்கள் யாரும் மறுநாள் பஸ் ஏறவில்லை. மிஞ்சியிருப்பது நானும், இதோ என் பக்கத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்து தூங்குகிற வேதமூர்த்தியும். அவருக்கு டெஸ்டிங்கில் இடம் கிடைத்துவிட்டது. தூங்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, அதை எதற்கு மறைக்க. ஆனால் இந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் குறுகுறுக்கிறது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, கைகாலெல்லாம் பரபரவென்று இருக்கிறது. ஏன் மூன்று? ஏன் ஒன்று இல்லை? ஏன் நான்கு இல்லை? ஏதோ ஒரு நியாயத்தோடுதான் அது தப்புப் பண்ணுகிறது. அந்த நியாயம் என்னவென்று தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் காபி கொடுத்தால்கூடக் குடித்துவிட்டு வரலாம். இல்லை இல்லை, வேண்டாம், காபி வேண்டாம்.

போன் உறுமியது, ஜெர்லினோ என்று நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது, இல்லை, கம்பெனியின் பயிற்சிப் பிரிவு. 'புதிய தொழில்நுட்பத்தைக் கற்க நீங்கள் விரும்பும் வழி எது? ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.' கீழே வரிசையாக வட்டங்கள். நல்ல நாள் பார்த்துத்தான் கேட்கிறார்கள். போனில் ஒரு வரி பார்த்தால் குமட்டாது, பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே கண்ணை வைத்துக்கொண்டால் சரி. முதல் வட்டம், வீடியோ. வேதமூர்த்தி இதைத்தான் அழுத்துவார், தூக்கத்திலேயே அழுத்துவார், எல்லாவற்றையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார், அந்த வாத்தியார் பேசுவது ஹீலியம் குடித்த கிளி மாதிரி கேட்கும். நானும் பார்த்தேன், மூன்று மாதம் முன்னால், வெறியோடு பார்த்தேன். அந்தப் பையன் அடிப்பதெல்லாம் முதல் தடவையே ஓடிவிடுகிறது. கறுப்புத் திரை, நல்ல குரல், டகடகவென்று அடிக்கிறான், ஓடுகிறது, 'அவ்வளவுதான் நண்பர்களே' என்கிறான். எனக்கும் தலையாட்டத் தோன்றுகிறது, எல்லாம் புரிந்த மாதிரி இருக்கிறது, கல்யாண வீட்டில் அடுத்தவர் ஆடுவதைப் பார்த்துவிட்டு எனக்கும் ஆட வரும் என்று நினைப்பதுபோல. மூடிவிட்டு நானே அடித்தால் முதல் வரியிலேயே சிவப்பில் பிழை. நடுவில் ஒரு தடவையாவது அவன் தப்பு விட்டு 'ஐயையோ' என்று சொல்லியிருந்தால் அவனிடம் நான் எதையாவது கற்றுக்கொண்டிருப்பேன். அடுத்தது புத்தகம். வாங்கினேன், தலையணை கனம், புத்தகக் கண்காட்சியில் கை வலிக்கத் தூக்கி வந்தது, அதன் முதல் மூன்று அத்தியாயம் மட்டும் சாம்பார் பட்டுப் பழுப்பாகிக் கிடக்கிறது, மீதி இன்னும் பிரஸ் வாசனை மாறாமல் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் என்று சும்மாவா சொன்னார்கள். வகுப்பு. ஏசி அறை, வருகைப் பதிவு, பதினொரு மணிக்கு பிஸ்கட், 'எனி டவுட்ஸ்?' என்று அவர் கேட்க, சந்தேகம் கேட்கிற அளவுக்குக்கூட ஒன்றும் புரியாததால் எல்லாரும் கம்மென்று இருப்போம். தெரிந்தவரிடம் கேட்டல். கேட்டேன், என் மகளிடம். பன்னிரண்டாவது படிக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ். 'அம்மா, இன்னும் இந்தப் பாடத்துலயேவா இருக்க?' என்று சிரித்தாள், சும்மாதான் சிரித்தாள், மனசில் ஒன்றும் வைத்துச் சிரிக்கவில்லை, இருந்தாலும் அன்றைக்கு அந்த வார்த்தை சோற்றில் கல் மாதிரி பல்லில் பட்டுக்கொண்டே இருந்தது.

இவ்வளவு வட்டங்களில் என் வழி ஒன்றுமில்லை. என் வழி என்னவென்று எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. உடைக்க வேண்டும். அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை எடுத்து, ஒரு வரியைப் பிடுங்கிவிட்டு, இப்போது எங்கே அலறுகிறது என்று பார்ப்பது. பிடுங்கிய வரியை வைத்துவிட்டு அடுத்த வரியைப் பிடுங்குவது. அலறினால் அந்த வரிக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. அலறவில்லை என்றால் அது சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறது. ஐயோ, எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! மூன்று மாதம் கல்லில் நார் உரித்தவளுக்கு ஒரே வாரத்தில் பாதி புரிந்துவிட்டது. வத்தக்குழம்பு கொதிக்கும்போது உடைத்தேன், துணி காயப்போட்டுக்கொண்டே உடைத்தேன், என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து 'என்ன, கம்ப்யூட்டரைப் பாத்து நீயே சிரிக்கிற?' என்றார், 'செத்துருச்சுங்க, சூப்பரா செத்துருச்சு' என்றேன், அவர் மின்வாரியத்துக்காரர், எது செத்தாலும் ஃபியூஸைத்தான் பார்ப்பார், பேசாமல் போய்விட்டார். பஸ் மேடவாக்கத்தில் மெட்ரோ பள்ளத்தைச் சுற்றி ஊர்கிறது. புழுதி. முன் சீட்டுப் பெண் ஜன்னலைச் சாத்துகிறாள். கவனம் சிதறாதே. மூன்று. இரண்டும் ஒன்றும் மூன்று. ஆ, இது தெரிந்ததுதானே, முதல் வீட்டின் இரண்டோடு இரண்டாம் வீட்டின் ஒன்று சேர்ந்திருக்கிறது. முதல் வீட்டுக்காரர் இரண்டாம் வீட்டுக்குள் எப்படிப் போனார்? நான் கதவே வைக்கவில்லையே. இந்த நிமிஷம் கேட்டால் ஏஐ சொல்லிவிடும். அதுவும் அந்த வட்டங்களில் ஒன்று. போனிலேயே இருக்கிறது, என் நிரலை ஒட்டி 'ஏன்?' என்று ஒரு வார்த்தை அடித்தால் போதும், ஜெர்லின் கம்பெனிக்குள் நுழைவதற்குள் திருத்தி அனுப்பிவிடலாம், அவளுக்குத் தெரியவே தெரியாது. கட்டைவிரல் அங்கேதான் நிற்கிறது. கேளேன். பிழைப்பு போகப்போகிறது, இதில் என்ன ரோஷம்? ரோஷம் இல்லை. அரிக்கிற இடம் இன்னும் எனக்கே பிடிபடவில்லை, அதற்குள் வேறொருவரைச் சொறியச் சொன்னால் எனக்கு என்ன சுகம்? நிறைய தடவை கேட்டிருக்கிறேன், நல்லதாகவே சொல்லும், பொறுமையாகச் சொல்லும், சாயங்காலம் ஆனால் எனக்கு மறந்துபோகும். பத்தரைக்கு ஜெர்லின் 'ஏங்கா இப்படி?' என்று கேட்டால் போனைத் தூக்கிக் காட்டுவேனா? சோழிங்கநல்லூர் வரை பார்ப்போம். சோழிங்கநல்லூரில் கிடைக்கவில்லை என்றால் கேட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் கேட்கத்தான் வேண்டும், வீம்புக்குச் செத்துப்போகிற வயசு எனக்கு இல்லை.

என் தலையாட்டிப் பொம்மை இருந்தால் நன்றாக இருக்கும். ஆபீஸில் மேஜை மேல் இருக்கிறது, தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வாங்கியது, பச்சை ரவிக்கை, மூக்குத்தி. நிரல் எழுதுகிறவர்களுக்கு ஊர் உலகமெல்லாம் இந்தப் பழக்கம் உண்டு, எங்கேயாவது சிக்கிக்கொண்டால் ஒரு பொம்மையை முன்னால் வைத்துக்கொண்டு வரி வரியாக அதற்கு விளக்கிச் சொல்வது. வெள்ளைக்காரன் ரப்பர் வாத்து வைத்திருக்கிறான், எங்கள் தளத்தில் ஒருவர் பிள்ளையார் வைத்திருக்கிறார், அவர் விளக்குகிறாரா வேண்டுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. பொம்மைக்குப் புரிவதற்காக இல்லை. சொல்லச் சொல்ல நாம் எங்கே புளுகுகிறோம் என்று நமக்கே காதில் விழும். என் பொம்மையிடம் ஒரே ஒரு குறை, எதைச் சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிடும். இப்போது அதுவும் இல்லை. யாரிடம் சொல்ல? பக்கத்தில் வேதமூர்த்தி. பெரும்பாக்கம் ரோடு பள்ளத்துக்குப் பள்ளம் அவர் தலை அழகாக முன்னும் பின்னும் ஆடுகிறது, மூக்குத்திதான் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. ஏன், இவருக்கு என்ன குறைச்சல்? காதில் ஹெட்போன், கேட்கவும் கேட்காது. மெதுவாக, முன் சீட்டுக்குக் கேட்காத குரலில் ஆரம்பித்தேன். 'வேதமூர்த்தி சார், கேளுங்க. ஒரு வீட்டு நம்பர் வருது.' ஆடினார். 'எத்தனை கேன் வேணும்னு வருது.' ஆடினார். 'அந்த வீட்டுக்கு ஒரு கூடை, அதாவது ஒரு பட்டியல், இருந்தா அதுல போடணும்.' ஆடினார், கொஞ்சம் பலமாகவே, பள்ளம் பெரிது. 'கூடை இல்லைன்னா காலிக் கூடை ஒண்ணு எடுத்துக்கணும். எடுத்து, கேனைப் போட்டு, எண்ணிச் சொல்லணும். அவ்வளவுதான் சார், நாலு வரி, இதுல எங்க சார் தப்பு?' ஆமாம் ஆமாம், தப்பே இல்லை என்று ஆடினார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். மறுபடியும் ஆடினார். நல்ல மனிதர், டீமில் எல்லாருக்கும் இப்படித்தான், யார் மனதையும் நோகடிக்கமாட்டார். எனக்குப் பயம் கூடியது. எல்லாம் சரியாக இருக்கிற ஒன்று தப்பாக ஓடினால் சொல்கிறவள்தான் சரியில்லை. வயசாகிவிட்டது, மூளை காய்ந்துவிட்டது, பழைய பானையில் புது அரிசி வேகாது, இதெல்லாம் யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, எனக்கு நானே சொல்லிக்கொள்வது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில் நான் தினமும் செய்த ஒரே வேலை அதுதான்.

சோழிங்கநல்லூர் சிக்னல். பஸ் நின்றுவிட்டது. இந்தச் சிக்னலில் நின்றால் நின்றதுதான், ஒரு சாமான் பட்டியலே போட்டுவிடலாம். எஞ்சின் அடங்கி, எங்கேயோ ஒரு ஆட்டோவில் எஃப்எம். மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில் நிறுத்த மனசில்லை. 'வீட்டு நம்பர் வருது. கேன் எத்தனைன்னு வருது. கூடை இல்லைன்னா காலிக் கூடை ஒண்ணு எடுத்துக்கணும்.' வேதமூர்த்தி ஆடவில்லை. பஸ் நிற்கிறதே, எப்படி ஆடுவார். தலை நேராக, அசையாமல், கண் மூடி, நீதிபதி மாதிரி இருந்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எதற்கெடுத்தாலும் ஆமாம் போட்ட ஆள் இந்த வரிக்கு மட்டும் ஆமாம் போடவில்லை. சார், காலிக் கூடைதானே எடுக்கிறேன்? ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு காலிக் கூடை எடுக்கிறேன். எடுக்கிறேனா? எங்கே எடுக்கிறேன்? அந்த வரி எங்கே இருக்கிறது? கண்ணை மூடினேன், திரை அப்படியே தெரிந்தது, காலிக் கூடை உள்ளே இல்லை, வேலை நடக்கிற இடத்தில் இல்லை, மேலே இருக்கிறது, தலைவாசலில், இந்த வேலைக்குப் பெயர் எழுதுகிற முதல் வரியிலேயே 'கூடை கொடுக்காவிட்டால் இது' என்று ஒரு காலிக் கூடையை எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரியை இயந்திரம் எத்தனை தடவை படிக்கும்? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடவையா? இல்லை. இல்லை இல்லை இல்லை. ஒரே ஒரு தடவை. நிரல் கிளம்பும்போது, கடை திறக்கிற மாதிரி, ஒரு தடவை. அப்போதே வாசலில் ஒரு கூடையை மாட்டிவிடுகிறது, மாட்டும்போது அது காலிதான், பொய் இல்லை, முதல் வீட்டுக்காரர் வந்து அதில் இரண்டு கேனைப் போட்டார், அடுத்தவர் வந்து கூடை இல்லை என்றதும் இதோ என்று அதே கூடையைக் கொடுத்திருக்கிறது! காலியா என்று பார்க்காமல்! ஒரே கூடை! ஊருக்கெல்லாம் ஒரே கூடை! 'ஏ ஆத்தி!' என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். முன் சீட்டுப் பெண் திரும்பினாள். வேதமூர்த்தி பதறிப்போய் ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டு, 'என்ன மேடம், எறங்கணுமா? சிறுசேரி வந்துடுச்சா?' என்றார். 'இல்ல சார், நீங்க தூங்குங்க, ஒண்ணுமில்ல, கூடை ஒண்ணுதான் இருக்கு' என்றேன். 'ஓ' என்றார். பஸ் கிளம்பியது, அவர் தலையும் கிளம்பியது.

சந்தோஷம். இதற்கு வேறு பெயர் கிடையாது, சுத்தமான சந்தோஷம், காது மடல் சுடுகிறது, எழுந்து நின்று டிரைவருக்குக்கூடச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. அதற்குள் இன்னொன்று மெல்ல வந்து தோளைத் தட்டியது, ஏய், இது உனக்குத் தெரிந்ததுதானே. எங்கே? எங்கேயா? கோபாலில். தினமும். மேலே, எண்ணை வைக்கிற பெட்டிக்கு ஆரம்ப மதிப்பு பூஜ்யம் என்று எழுதியிருப்போம், புதிதாக வந்தவர்கள் எல்லாம் அதை நம்பி ஏமாறுவார்கள், அந்தப் பூஜ்யம் முதல் ஓட்டத்துக்குத்தான், இரண்டாவது தடவை கூப்பிட்டால் முதல் ஆளின் மிச்சம் அப்படியே பெட்டிக்குள் கிடக்கும், ஒருத்தர் வட்டி இன்னொருத்தர் கணக்கில் போய் உட்காரும். அதனால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலை துடைப்பது. முந்தின ஆள் தின்ற இலையில் அடுத்தவருக்குப் பரிமாறக்கூடாது, இலையை எடு, இடத்தைத் துடை, அப்புறம் சோற்றைப் போடு. இருபது வருஷமாக நான் துடைத்திருக்கிறேன், யாரும் சொல்லாமலே துடைப்பேன், கை தானாகப் போகும். புது மொழிக்கு வந்ததும் ஏன் நிறுத்தினேன்? இதெல்லாம் பழைய காலத்துப் பழக்கம், இதில் எல்லாம் தானே நடக்கும், பழையதை மறந்தால்தான் புதுசு ஏறும் என்று அந்த வீடியோப் பையன் சொன்னான், நானும் நம்பிப் பழையதையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். மூன்று மாதமாக மறப்பதற்கல்லவா பாடுபட்டிருக்கிறேன்! எனக்கு அழுகை வந்துவிட்டது, இது எந்த அழுகை என்று தெரியவில்லை, ஆனால் நல்லதாக இருந்தது, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன். அந்த வட்டங்களில் இதை எங்கே போடுவது? 'எனக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து' என்று ஒரு வட்டம் கிடையாது. இருபது வருஷத்தை வைக்க அதில் இடமே கிடையாது.

செம்மஞ்சேரி தாண்டும்போது போன் அடித்தது. ஜெர்லின். இவ்வளவு சீக்கிரம் ஏன், பத்தரைக்குத்தானே? 'அக்கா, நான் வீட்டுலயே தொறந்து பாத்துட்டேன் கேட்டீங்களா. ரெண்டாவது வீட்டுக்குக் கணக்கு தப்பாட்டு வருது.' வாய் எதற்கும் காத்திருக்கவில்லை. 'தெரியும் ஜெர்லின். நேத்து அனுப்பும்போது தெரியாது, ஒரு வீட்டை வச்சுத்தான் பாத்தேன். இப்ப பஸ்ஸுல தெரியும். கூடை ஒண்ணுதான் இருக்கு. மேல, பேர் வரியில மாட்டிட்டேன். உள்ள எறக்கணும், ஒவ்வொரு தடவையும் புதுசா எடுக்கணும்.' அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது, பாத்திரச் சத்தம் கேட்டது. நான் பேசிக்கொண்டே போனேன், நிறுத்தத் தெரியவில்லை, கோபால், பெட்டி, மிச்சம், இலை, துடைப்பு, எல்லாம் வந்து விழுந்தது, வேதமூர்த்தி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். கடைசியில் மூச்சு வாங்கி நிறுத்தினேன். 'அதை எந்த வீடியோவுலக்கா பாத்தீங்க?' என்றாள். 'வீடியோ இல்லம்மா. சோழிங்கநல்லூர் சிக்னல்ல.' சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. 'அக்கா, பத்தரைக்கு உங்களுக்குன்னு ஒரு கேள்வி எடுத்து வச்சிருந்தேன். அது வேண்டாம்.' என் கை முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தது. வேண்டாம் என்றால்? இவ்வளவுதானா? முடிந்துவிட்டதா? 'வேற ஒண்ணு இருக்கு. எங்க டீம்லயே ஒண்ணு, நாலு நாளா தப்பாட்டு ஓடுது. எனக்கும் தெரியல. யாருக்கும் தெரியல. நீங்க சொல்லுத மாதிரி எதோ மிச்சம்தான் எங்கயோ கெடக்கும்னு தோணுது. மூணாம் மாடிக்கு நேராட்டு வந்துருங்க, ரெண்டு பேருமா ஒடைச்சுப் பாப்போம்.' வைத்துவிட்டாள். எடுத்துக்கொண்டேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் நாலு நாளாக யாருக்கும் பிடிபடாத ஒன்று! மூணாம் மாடியில், எனக்காக, உடையாமல் காத்துக்கொண்டிருக்கிறது!

பஸ் நாவலூரில் வேகம் எடுத்தது. போனில் அந்தக் கேள்வி இன்னும் திறந்தபடியே இருந்தது. வட்டங்களுக்கெல்லாம் கீழே 'மற்றவை' என்று ஒன்று, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், சோழிங்கநல்லூருக்கு முன்னால் அது என் கண்ணில் படவே இல்லை. அதில் என்ன எழுத? உடைத்துப் பார்த்தல் என்று எழுதினேன், அழித்தேன். ஏற்கெனவே தெரிந்தது என்று எழுதினேன், அதையும் அழித்தேன். வேதமூர்த்தி இப்போது முழுசாக விழித்து, வாயோரம் துடைத்துக்கொண்டு, 'யார் மேடம் போன்ல? ஜெர்லினா? என்ன சொன்னாங்க, கெடைச்சுடுச்சா?' என்றார், நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். 'கெடைச்சிருச்சு சார். அவங்களுக்கே தெரியாத ஒண்ணு' என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினார். நான் கட்டத்தைத் தொட்டு, 'தூங்குகிற ஒருவர், நிற்கிற பஸ்' என்று அடித்து அனுப்பினேன். 'சார், நாளைக்கும் இதே சீட்டுலயே உக்காருங்க' என்றேன்.